தலைவர் கண்ணும் முருங்கைக்கீரையும்

கூமுட்டைப்பட்டி பஞ்சாயத்துத் தலைவர் தவசிலிங்கத்துக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. ஒருநாள் அந்தியில் எருமையைச் சம்பந்தி என்று நினைத்துக் கட்டிப்பிடித்து, "சௌக்கியமா?" என்றார். எருமை பதில் சொல்லவில்லை. மரியாதை தெரியாத குடும்பம் என்று மகள் கல்யாணத்தையே நிறுத்திவிட்டார்.

தலைவரின் மனைவி அழுதாள். மெம்பர்கள் மொக்கச்சாமியும் ஒச்சப்பனும் அவரை நர்ஸ் ஜெசிந்தாவிடம் கூட்டிப்போனார்கள்.

"இது மாலைக்கண். வைட்டமின் ஏ குறைச்சல். விட்டால் பார்வையே போயிரும். கண்ணுக்கு முருங்கைக்கீரை நல்லது" என்றாள் ஜெசிந்தா.

அன்றே கீரையை அரைத்துத் தலைவரின் இரண்டு கண்ணிலும் அப்பினார்கள். இப்போது பகலிலும் தெரியவில்லை.

"எரியுதுப்பா!" என்று அலறினார் தவசிலிங்கம்.

"முன்னேற்றந்தான் தலைவரே" என்றார் மொக்கச்சாமி. "பகல் வேற, ராத்திரி வேறங்கிற பாகுபாடு போயிருச்சே."

ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டு கண்ணைக் கழுவிவிட்டாள். "கண்ணுல இல்லய்யா, உடம்புல சேரணும்! எண்ணெய் விடாமச் செஞ்சா கீரை உடம்புல ஒட்டாது."

அது அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. தலைவருக்கு உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் பூசி, ஆறு கட்டு முருங்கைக்கீரையை ஒட்டி வெயிலில் நிறுத்தினார்கள். தெருவிலிருந்த வெள்ளாடெல்லாம் வந்துவிட்டது. தவசிலிங்கத்துக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கடி விழுந்தது.

"சாப்பிடணும்யா! கீரை, பப்பாளி, முட்டை, ஈரல் எல்லாம் வாயால சாப்பிடணும்!" என்று கத்தினாள் ஜெசிந்தா.

பஞ்சாயத்து கூடியது.

"ஊர்த் தலைவர் நாலு பேருக்கு முன்னால வாயைத் திறந்து மெல்லலாமா?" என்றார் ஒச்சப்பன்.

"கொடியேத்த, நாடா வெட்ட, எல்லாத்துக்கும் அவர் சார்பில நாமதானே போறோம்? இதையும் அவர் சார்பில நாமே சாப்பிட்டுருவோம்" என்றார் மொக்கச்சாமி.

இந்த விசுவாசத்தைக் கேட்டுத் தவசிலிங்கம் இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு மாதம் மெம்பர்கள் சளைக்காமல் தின்றார்கள். பப்பாளி மொட்டையானது. கோழிகள் முட்டையிட்டு ஓய்ந்தன. தலைவர் வழக்கம்போல மோர்ச்சோறு தின்றார்.

மாதக் கடைசியில், பொழுது சாயும் நேரத்தில் சோதனை.

"என்னப்பா, குணம் தெரியுதா?" என்று தூணைப் பார்த்துக் கேட்டார் தவசிலிங்கம்.

"பிரமாதம் தலைவரே!" என்றார் மொக்கச்சாமி. "உங்களுக்குக் கண் தெரியலைங்கிறது எங்களுக்கு இப்பத் தெள்ளத்தெளிவாத் தெரியுது!"

தவசிலிங்கம் பூரித்துப்போனார். இன்னும் ஆறு மாதம் ஈரல் வறுவலைத் தொடர அங்கேயே தீர்மானம் போட்டு, ஒச்சப்பனின் வழுக்கையில் கையெழுத்திட்டார்.