துரைக்கண்ணுவின் பின்பாட்டு

“அவரு இதுல இல்லையேன்னு சொல்லிட்டா, டீச்சரம்மா.”

படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே மாசிலாமணி சொல்லிவிட்டார். கிதாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. சுவரில் சாய்த்துவிட்டு, வழக்கில் தோற்றவர் போல உட்கார்ந்தார்.

“யாரு சொன்னது?” என்றாள் ஃப்ளோரா.

“ராஜாமணி. நம்ம துரைக்கண்ணு சம்சாரம். ஆல்பத்த முழுசாப் போட்டுக் காட்டினேன். கண்ண மூடிக்கினு கேட்டா. முடிஞ்சதும், ‘நல்லாத்தாண்ணே வாசிக்கிறீங்க, ஆனா அவரு இதுல எங்க?’ன்னா. எழுந்து போயி முறத்த எடுத்து அரிசி புடைக்க ஆரம்பிச்சுட்டா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவு போதாதா?”

பெரம்பூரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஃப்ளோரா கிதார் சொல்லிக்கொடுத்தாள். ரயில் ஓட்டியவரின் மகள். மாசிலாமணிக்கு மகள் வயது. முதல் நாள் வந்தபோது அவர், “போராட்டத்துக்கு வயசு கிடையாது, கிதாருக்கு உண்டா?” என்று மேடைக் குரலில் கேட்டார். அவள் அவருடைய இடது கையைப் பார்த்தாள்.

“வயசு பரவாயில்ல தோழரே. நகத்த வெட்டிட்டு வாங்க.”

அன்றிலிருந்து அவர் மாணவர்.

பஞ்சாலை ஓடிய காலத்தில் தொழிற்சங்கத்தின் வாயிற்கூட்டம் என்றால் மாசிலாமணியும் துரைக்கண்ணும்தான். மாசிலாமணி முதல் வரி பாடுவார். துரைக்கண்ணு பின்பாட்டு. அதற்குப் பிறகு ஷிப்ட் முடிந்து வந்த அத்தனை பேரும். தலைவர்கள் பேச வருவதற்குள் கூட்டம் சூடாகியிருக்கும். அந்தத் தலைவர்களில் சிலர் பிறகு கார் வாங்கினார்கள். துரைக்கண்ணு இருமல் வாங்கினார்.

பஞ்சுத் தூசி. அது மாலை மரியாதை பார்க்காது.

ஆலையை மூடினார்கள். இடத்தை விற்றார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள், நடுவில் நீச்சல் குளம். துரைக்கண்ணு அதைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே போய்விட்டார்.

அவர் குரல் எந்த நாடாவிலும் இல்லை. அந்தக் காலத்தில் அவர்கள் பாட்டைப் பொறுப்பாகக் குறித்துக்கொண்டவர் மஃப்டியில் வந்த போலீஸ்காரர் ஒருவர்தான். அவருக்கும் ராகம் வராது.

“எல்லாரு குரலும் போன்ல இருக்கு. அவரு குரல் மட்டும் எங்கயும் இல்லண்ணே” என்று ராஜாமணி ஒருமுறை சொன்னாள். “நான் கொண்டாறேன்” என்று மாசிலாமணி வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் யோசித்தார், எப்படி என்று.

வழி காட்டியது ப்ளூஸ். அமெரிக்காவில் பருத்தி பறித்த கறுப்பின மக்களின் பாட்டு. ஃப்ளோரா ஒருநாள் வாசித்துக் காட்டினாள். ஓர் ஆள், ஒரு கிதார், வேறு எதுவும் இல்லை. ஆள் ஒரு வரி பாடுகிறான். கிதார் பதில் சொல்கிறது.

“அங்க பறிச்சவன் பாட்டு இது. இங்க நூத்தவன் நான். ஒரே பஞ்சு” என்றார் மாசிலாமணி. அன்று அவர் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அந்த ஆல்பம் பிறந்தது. முதல் வரியை அவர் பாடுவார். துரைக்கண்ணுவின் வரியைக் கிதார் சொல்லும். வேறு குரல் கிடையாது.

இப்போது ராஜாமணி அரிசி புடைக்கிறாள்.

“வாசிங்க” என்றாள் ஃப்ளோரா.

அவர் கிதாரை எடுத்தார். கட்டைவிரல் அடித்தந்தியில் இறங்கியது. தும், தும், தும், தும். தறி ஓடுவது போல ஒரே சீர்.

*வெள்ளப் பஞ்சு நூலாச்சு…*

மூன்று விரல்களும் மேல்தந்திகளில் பாய்ந்தன. *வேல செஞ்ச நெஞ்சு தூளாச்சு* என்ற வரி, சொல் இல்லாமல், ஒரு பிசிறு இல்லாமல் வந்தது.

ஃப்ளோரா சிரித்தாள்.

“என்னாத்துக்குச் சிரிப்பு?”

“கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. நல்லா நடக்குது கூட்டம்.”

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. “அப்போ ஒரு ஆளக் கூப்ட்டு துரைக்கண்ணு வரியப் பாட வெச்சுடலாம். ஓட்டேரில ஒருத்தன் கோரஸ் பாடறான். காசு குடுத்தா யாருக்கு வேணா பாடுவான்.”

“துரைக்கண்ணுவாப் பாடுவானா?”

மாசிலாமணி கிதாரை மடியில் படுக்கவைத்தார்.

“அவரு எப்படிப்பட்ட ஆளு தோழரே? நான் பாத்ததில்ல.”

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். “அஞ்சா நெஞ்சன். கொண்ட கொள்கைக்காகச் சிறை சென்றவன். அடக்குமுறைக்கு முன்னால் தலைவணங்காத…”

“இது செவுத்துல ஒட்டுன ஆளு. பாட்டுல எப்படி இருப்பாரு?”

“பாட்டுலயா?” மாசிலாமணியின் குரல் மேடையிலிருந்து இறங்கியது. “பாட்டுல அவனால பெரிய ரோதனை. எப்பவும் லேட்டு.”

“லேட்டுன்னா?”

“நான் வரிய முடிச்சுட்டு நிப்பேன். ஜனம் காத்துக் கெடக்கும். இவனுக்கு மூச்சு வராது. ரெண்டு இருமல். ராஜாமணி செம்போட பக்கத்துலயே நிப்பா. ஒரு மடக்குக் குடிப்பான். அப்புறம்தான் பின்பாட்டு. அதுவரைக்கும் நான் வெக்கங்கெட்டு நிக்கணும். ‘டேய், உன் பின்பாட்டு அடுத்த ஷிப்டுக்குத்தான் வரும்’னு திட்டுவேன். சிரிப்பான். மறுநாளும் அதேதான்.”

“ஆல்பத்துல அந்த லேட்டு இல்லையே.”

“எப்படி இருக்கும்? அதத்தான் நான் சரி பண்ணிட்டேனே!” மாசிலாமணி பெருமையாகச் சொன்னார். “தோழன் பேரு நிக்கப்போற ஆல்பம். அதுலயும் இருமிக்கினு நிக்கணுமா அவன்? ஒரு இடத்துல கூடத் தடுமாற விடல. கடிகாரம் மாதிரி வெச்சிருக்கேன்.”

ஃப்ளோரா எழுந்துபோய் மேசையிலிருந்த மர அடிஸ்கேலைக் கொண்டுவந்தாள். அவருக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வாசிங்க.”

“அடிக்கப் போறீங்களா டீச்சரம்மா?”

“வாசிங்க தோழரே.”

தும், தும், தும், தும்.

*வெள்ளப் பஞ்சு நூலாச்சு…*

விரல்கள் பாயும் நொடியில் அவள் அடிஸ்கேலை விரல்களுக்கும் தந்திக்கும் நடுவில் நீட்டினாள். விரல்கள் மரத்தில் மோதின. பதறிப்போய்க் கட்டைவிரலும் நின்றது.

“அத யாரு நிறுத்தச் சொன்னது?” என்றாள். “ஆலை ஓடட்டும்.”

மறுபடியும். வரி முடிந்தது. அடிஸ்கேல் வந்தது. கட்டைவிரல் ஓடியது. மூன்று விரல்களும் மரத்தின்மேல் காத்திருந்தன. அடிஸ்கேல் விலகியது. தந்தி ஒலித்தது.

“தாளம் போச்சு!” மாசிலாமணி கத்தினார். “ஊரே சிரிக்கும். எனக்கு வாசிக்கத் தெரியலன்னு சொல்லுவானுங்க.”

“சொல்லுவாங்க.”

“சொன்னா?”

“ஆல்பம் யாருக்குத் தோழரே?”

அவர் கிதாரை உறையில் போட்டார். ஜிப்பை இழுத்தார். வாசல்வரை போனார். கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். புஸ், புஸ், புஸ். அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார், அது மறுபடி எழும்வரை.

எழுந்தது.

திரும்பி வந்து உறையைத் திறந்தார்.

அன்று மாலைவரை வாசித்தார். அடிஸ்கேல் வந்தது, போனது. ஒரு கட்டத்தில் ஃப்ளோரா அதை மடியில் வைத்துவிட்டாள். மாசிலாமணி அதைக் கவனிக்கவில்லை. வரி முடிந்ததும் தலையை லேசாக வலப்பக்கம் திருப்பி, யாரையோ பார்த்துக் காத்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. அவர் திட்டிக்கொண்டிருந்தார்.

ஃப்ளோரா ஒலிவாங்கியைப் போட்டுப் பதிவு செய்யத் தொடங்கினாள்.

மறுவாரம் ராஜாமணி வீட்டில் சின்ன ஸ்பீக்கரை நடுக்கூடத்தில் வைத்தார் மாசிலாமணி. வெயிலில் வந்தவருக்கு அவள் ஒரு செம்பில் தண்ணீர் வைத்தாள். மடியில் முறம், முறத்தில் அரிசி.

“மறுபடியுமாண்ணே?”

“மறுபடியும்தாம்மா. இந்தத் தடவ வாசிப்பு கொஞ்சம் மோசம். பொறுத்துக்க.”

“போன தடவ நல்லா இருந்தே ஒண்ணும் ஆவல. போடுங்க.”

போட்டார்.

தும், தும், தும், தும். அவள் கை அரிசியைப் புடைத்தது. கல் பொறுக்கியது. கேட்கிறாளா என்றே தெரியவில்லை.

*வெள்ளப் பஞ்சு நூலாச்சு…*

வரி முடிந்தது.

தும், தும்.

முறம் நின்றது.

தும், தும்.

ராஜாமணி கண்ணை மூடியிருந்தாள். மூடிய கண்ணோடு கை நீட்டித் தரையிலிருந்த செம்பை எடுத்தாள். மாசிலாமணி உட்கார்ந்திருந்த பக்கம் அல்ல, யாரும் இல்லாத மறுபக்கம், மேல்நோக்கி, நிற்கிற ஆளுக்குக் கொடுப்பதுபோல நீட்டினாள்.

அதன் பிறகுதான் தந்தி பாடியது.