பலவேசத்தின் கல்லீரல் சுமையைப் பங்கு போட்ட கதை

நாட்டில் முட்டாள்களுக்குப் பஞ்சம் வந்துவிடுமோ என்று யாருக்காவது கவலை இருந்தால், அவர்கள் செம்புளியூர் அரிசி ஆலைவரை ஒரு நடை போய்விட்டு வரலாம். அங்கே மூட்டை தூக்கும் நாலு பேரைக் கண்ணால் பார்த்ததும் கவலை தீர்ந்துவிடும்.

மூத்தவர் கொம்பையா. எந்த விவகாரத்துக்கும் தீர்ப்பு அவர்தான் சொல்வார். அடுத்தவன் பட்டமுத்து. எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் என்பதால் மற்றவர்களைவிட மூன்று மடங்கு படித்தவன் என்று அவனுக்கு மரியாதை. மூன்றாவது ஆவுடையப்பன். பொய்யே சொல்ல மாட்டான். பொய் சொல்வதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அது அவனுக்கு ஆகாது. நாலாவது பலவேசம். இந்தக் கதையில் கல்லீரல் அவனுடையது.

ஆலையில் முதலாளி போட்ட விதி ஒன்று இருந்தது. தலையில் ஏறிய மூட்டை தரையில் படக்கூடாது, ஈரம் ஏறிவிடும். ஒருவனால் சுமக்க முடியாவிட்டால் அடுத்தவன் தலைக்கு மாற்ற வேண்டும். முதலாளி இதை மூட்டைக்குத்தான் சொன்னார். இவர்களோ அதை வாழ்க்கைக்கே எடுத்துக்கொண்டார்கள். பட்டமுத்துவுக்குப் பல் பிடுங்கியபோது நாலு பேரும் ஒரு வாரம் கஞ்சி குடித்தார்கள். கொம்பையாவின் அப்பா இறந்தபோது நாலு பேரும் மொட்டை போட்டார்கள். கொள்ளி வைப்பதிலும் ஆளுக்குக் கொஞ்சம் கேட்டபோதுதான் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

தினமும் வேலை முடிந்ததும் ஆலைக்குப் பின்னால் உடைமரத்தடியில் உட்கார்ந்து, கடையில் வாங்கி வந்ததை நாலு தம்ளரில் ஊற்றுவார்கள். ஆவுடையப்பனுக்கு அந்த வாடை வந்தாலே குமட்டும். அதற்காக அவன் பங்கைத் தரையில் வைக்க முடியுமா? பலவேசம்தான் பல வருஷமாக அதையும் சேர்த்துச் சுமந்து வந்தான். கனக்கிறது என்று ஒரு நாளும் முனகியதில்லை.

இப்படி இருக்கையில் முதலாளி, தொழிலாளிகளுக்கு ரத்தப் பரிசோதனை ஏற்பாடு செய்தார். முந்தின நாள் ஒரு நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எதுவும் சாப்பிடக் கூடாது. காலையில அப்படியே வரணும்."

நாலு பேரும் கூடிப் பேசினார்கள்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தானே சாப்பிடக் கூடாது?" என்றார் கொம்பையா. "நாம ராத்திரி சாப்பாடே சாப்பிடாம விட்டுட்டா?"

"அப்ப அதுக்கு அப்புறம்னு ஒண்ணு வரவே வராது அண்ணாச்சி" என்றான் பட்டமுத்து. படிப்பு என்றால் சும்மாவா.

ராத்திரி நாலு பேரும் பட்டினி கிடந்தார்கள். விடிந்ததும் ஆளுக்கு ஒரு தட்டு இட்லியும் வடையும் தின்றுவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்ட நிம்மதியோடு ரத்தம் கொடுக்கப் போனார்கள்.

அங்கே நர்ஸ், "கையை நல்லா இறுக்கி மூடுங்க" என்றாள். மூடினார்கள். ரத்தம் எடுத்தாள், பஞ்சு வைத்தாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். திறக்கச் சொல்ல மறந்துவிட்டாள். அன்று மத்தியானம்வரை நாலு பேரும் இடது கையை மூடியபடியே மூட்டை தூக்கினார்கள். மூன்று மூட்டை சரிந்து, ஒன்று கணக்கப்பிள்ளையின் காலில் விழுந்தது. அவர் வலியில் "கையைத் திறந்து தொலைங்கடா" என்று கத்திய பிறகுதான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

சில நாளில் ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா நாலு பேரையும் உட்கார வைத்தார். மற்ற மூவரும் போகலாம் என்றார். பலவேசத்தை விட்டுவிட்டு எழுந்து போவதா? மூவரும் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

"பலவேசம், உங்க கல்லீரல் டெஸ்ட்ல எஸ்.ஜி.பி.டி.ன்னு ஒண்ணு கூடுதலா இருக்கு. நாற்பதுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு நூத்தி இருபத்தாறு."

"நாற்பதுக்கு நூத்தி இருபத்தாறா?" பட்டமுத்து பலவேசத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நான் எட்டாங்கிளாசுல நூத்துக்கே இருபதைத் தாண்டலையேலே."

"இது மார்க் இல்ல" என்றார் டாக்டரம்மா. பாவம், அவர் நல்லவர், புரிய வைத்துவிடலாம் என்று நம்புகிறவர். "நீங்க மூட்டை தூக்குறவங்க, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே சொல்றேன். கல்லீரல் ஒரு அரிசி மூட்டைன்னு வச்சுக்குங்க. இந்த எஸ்.ஜி.பி.டி.ங்கிற நொதி உள்ள இருக்க வேண்டிய அரிசி. மூட்டை கிழிஞ்சா அரிசி வழியெல்லாம் சிந்தும் இல்லையா? ரத்தத்துல எவ்வளவு சிந்தியிருக்குன்னுதான் இந்த டெஸ்ட் சொல்லுது. நம்பர் நோய் இல்ல, எங்கயோ கிழிஞ்சிருக்குன்னு ஒரு தகவல்."

"சிந்தினதைக் கூட்டி அள்ளிரலாமா?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

டாக்டரம்மா அதைக் கேட்காதது மாதிரி பலவேசத்திடம் திரும்பினார். குடிப்பீர்களா, எவ்வளவு, எத்தனை வருஷமாக என்று விசாரித்தார். வேறு மாத்திரை, லேகியம் ஏதாவது உண்டா என்று கேட்டார். மஞ்சள்காமாலைக் கிருமிக்கும் ரத்தம் எடுத்தார், வயிற்றை ஸ்கேன் பண்ணினார். கிருமி இல்லை. கொஞ்சம் கொழுப்பு படிந்திருந்தது, அவ்வளவுதான்.

"நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது. கல்லீரலுக்குச் சுமையைக் குறைங்க. உங்க குடி பூராவும் நிக்கணும். விட்டா தானா ஆறிடும். ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுப்போம், நாற்பதுக்குள்ள வந்திரணும்."

"விடலைன்னா?" என்றான் பலவேசம்.

"விடலைன்னா ஒரு நாள் அதால ஆறவே முடியாமப் போயிடும்."

பலவேசத்தின் அப்பா போனது அப்படித்தான். கண் மஞ்சளாகி, வயிறு பானையாக உப்பி, கடைசியில் மகனின் பெயர்கூட அவருக்கு மறந்துபோனது. பலவேசம் முட்டாள்தான். ஆனால் அந்த வயிற்றை அவன் மறக்கவில்லை. வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அழுதான். "எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. எங்கய்யா மாதிரி நானும் போயிருவேன்."

அவன் அழுவதைப் பார்த்து மற்ற மூவரும் அழுதார்கள். அழுகையையும் தனியாகச் சுமக்க விட மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் உடைமரத்தடியில் பெரிய ஆலோசனை நடந்தது. நாலு தம்ளரும் நிறைந்திருந்தன. பலவேசம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? சுமையைக் குறைக்கச் சொன்னாங்க" என்றார் கொம்பையா. "கீழ போடச் சொன்னாங்களா?"

"சொல்லலை" என்றான் பட்டமுத்து.

"பலவேசம் தலையில இருந்து ரெண்டு பங்கு இறங்குது. அது தரையில படக்கூடாது. யாரு தலைக்கு மாத்துதது?"

பட்டமுத்து சட்டைப்பையிலிருந்து எல்லோருடைய ரிசல்ட்டையும் எடுத்துப் பார்த்தான். "உமக்கு முப்பத்தெட்டு, எனக்கு முப்பத்தொன்பது. நம்ம ரெண்டு பேருக்கும் இடம் இல்ல. ஆவுடையப்பனுக்குப் பதினெட்டுதான். பாதிக்கு மேல காலியாக் கெடக்கு."

எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். பெரிய வீட்டைத் தனியாக வைத்துக்கொண்டு ஊருக்கு வாடகைக்கு விடாதவனைப் பார்க்கிற பார்வை அது. ஆவுடையப்பன் கண் கலங்கிவிட்டான்.

"இத்தனை வருஷமா என் பங்கை இவன்தான் குடிச்சிருக்கான். அதனாலதான் இவன் மூட்டை கிழிஞ்சிருக்கு. ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருப்பானா? கொண்டாங்கவே. நான் சுமக்கேன்."

இதற்கு நடுவில் பட்டமுத்துவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மூன்று தடவை படித்ததன் பலன். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். வாங்காமலே விட்டுட்டா என்ன?"

கொம்பையா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாங்கலைன்னா எதைலே நிறுத்துவ? இல்லாத மூட்டையை எப்படி எறக்குவ?"

பட்டமுத்து வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஆவுடையப்பன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தன் பங்கையும் பலவேசத்தின் பங்கையும் இறக்கினான். முதல் வாரம் பாதி வெளியே வந்தது. அப்புறம் பழகிவிட்டது. அவன் மனைவி செல்லக்கனி ஆலை வாசலில் வந்து நின்று, "ஒரு சொட்டு தொடாத மனுசனைக் கெடுத்துட்டீங்களே" என்று மண்ணை வாரித் தூற்றினாள். கொம்பையா பொறுமையாக விளக்கினார். "குடிக்கலை தாயி. சுமக்கான்."

இரண்டு மாதத்தில் பலவேசத்துக்கு முகம் தெளிந்தது. பசி எடுத்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகள் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று சொன்ன ஆவுடையப்பனையும் நண்பர்கள் உட்கார வைத்தார்கள். சுமை ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டாமா.

பலவேசத்துக்கு முப்பத்திநாலு. டாக்டரம்மா சிரித்துவிட்டார். அடுத்த காகிதத்தைப் புரட்டியதும் சிரிப்பு நின்றது. ஆவுடையப்பனுக்கு நூத்தி முப்பத்தொண்ணு.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். பட்டமுத்து மட்டும் விரலை மடக்கி எண்ணிவிட்டு முகம் சுளித்தான். "எடை இடிக்கு அண்ணாச்சி. போன தடவை ரெண்டு பேருக்கும் சேர்த்து இருந்ததைவிட இப்ப கொஞ்சம் கூடுது. இவங்க தராசுலயும் ஏதோ கோளாறு."

நடந்ததையெல்லாம் டாக்டரம்மா கேட்டு முடித்தார். அப்புறம் மேசையில் கையை ஊன்றி எழுந்தார். "அதை யாரும் குடிக்கக் கூடாது. அவரும் கூடாது, இவரும் கூடாது, நீங்க ரெண்டு பேரும் கூடாது. புரியுதா?"

"அப்ப அதை என்ன செய்ய டாக்டரம்மா?" என்றார் கொம்பையா. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"எங்கயாவது கொண்டு போய்க் கொட்டுங்க!"

இதில் சந்தேகம் எதுவும் இல்லை. தெளிவான உத்தரவு. அன்று முதல் தினமும் கடையில் முறைப்படி நாலு பங்கு வாங்கி, முறைப்படி நாலு தம்ளரில் ஊற்றி, முறைப்படி கொண்டு போய்க் கொட்டினார்கள். தரையில் கொட்டக்கூடாது அல்லவா, அதனால் ஆலைக் கொட்டிலில் இருந்த கழுநீர்த் தொட்டியில் கொட்டினார்கள். அந்தத் தொட்டி மயிலைக்கு உரியது. மயிலை என்பது உமி வண்டி இழுக்கும் காளை.

மயிலை முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாலில் ஒருவருக்கும் இல்லாத அறிவு அதற்கு இருந்தது. ஆனால் வேறு தண்ணீர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தாகம் யாரை விட்டது? கொஞ்ச நாளில் சாயங்காலம் ஆனால் அதுவே கொட்டில் வாசலைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது. வண்டியை நேராக இழுத்துப் போகாமல் கணக்கப்பிள்ளையின் அறைக்குள் இழுத்துப் போனது. ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை ஜன்னல் வழியாக வெளியேறினார்.

மறுபடி பரிசோதனை நாள் வந்தது. பலவேசத்துக்கு இருபத்தொன்பது. ஆவுடையப்பனுக்கு முப்பத்தாறு. கொம்பையாவுக்கும் பட்டமுத்துவுக்கும்கூடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. டாக்டரம்மாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. பலவேசத்தின் தோளைத் தட்டினார். "உங்க அப்பாவுக்கு வந்தது உங்களுக்கு வராது. இப்படியே இருங்க."

பலவேசம் கையெடுத்துக் கும்பிட்டான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பயம் இல்லை.

"எப்படி நிறுத்தினீங்க? ரொம்பக் கஷ்டமாச்சே" என்றார் டாக்டரம்மா.

"எங்க நிறுத்தினோம்? நீங்க சொன்ன மாதிரி கொட்டிட்டோம்" என்ற கொம்பையா ஜன்னல் பக்கம் கை காட்டினார். வெளியே ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் மயிலையைக் கட்டியிருந்தார்கள். அது கண்ணைச் செருகிக்கொண்டு கம்பத்தில் சாய்ந்து நின்றது. "அதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துருங்க தாயி. ராத்திரி சாப்பாடு போடலை. விடியக் காலம்தான் வைக்கோல் போட்டோம். கையை மூடச் சொன்னா மட்டும் அதுக்கு விரல் கெடையாது."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தட்டிப் பார்த்தார்கள், அவர் திறக்கவில்லை.

சாயங்காலம் கொட்டிலில் நாலு பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். கொம்பையா கடைசித் தம்ளரையும் கவிழ்த்தார். மயிலை தள்ளாடி எழுந்து வந்து வாயை வைத்தது. பலவேசம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் தண்ணீர் கோத்தது.

"அண்ணாச்சி, இது நியாயமாப் படலை" என்றான். "நாலு பேரு சுமையை ஒத்தையாச் சுமக்கு. வாயில்லா சீவன், கனக்குன்னு சொல்லுமா?"

ஆவுடையப்பன் மூக்கைச் சிந்தினான். பட்டமுத்து விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "இப்ப நம்மள்லேயே அதிகமாக் காலி இருக்கது பலவேசத்துக்குத்தான்" என்றான்.

கொம்பையா தலையை ஆட்டினார். தீர்ப்பு முடிந்தது.

பலவேசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டி போட்டுத் தொட்டிக்குள் தலையை விட்டான். மயிலை ஒரு அடி நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தது.