எழுந்திருக்க விடாத இலை

வெகு காலத்துக்கு முன்னால் குவளைநாட்டைப் பூபாலசிங்கன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடக்க வேண்டும் அவனுக்கு. மாம்பழம் கேட்பான், அது வந்து சேருவதற்குள் பலாப்பழத்துக்கு மாறிவிடுவான். மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று, மந்திரி அம்பலக்கூத்தர் மேல் வைத்த பிரியம். மந்திரி பக்கத்தில் உட்கார்ந்து பேசாவிட்டால் ராஜாவுக்குச் சோறு இறங்காது. அந்தப் பிரியம்தான் மந்திரியின் காலுக்கு விலங்காகிவிட்டது.

மந்திரிக்குச் சொந்த ஊர் தெற்கே பனங்காட்டுச் சீமை, பத்து நாள் நடை. மனைவி பொன்னுடையாள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அரண்மனைக்கு வந்தவர், மூன்று வருஷம் ஆகியும் திரும்பவில்லை. பெண் பிறந்தது என்று ஓலை வந்தது. பல் முளைத்தது என்று ஓலை வந்தது. தத்தித் தத்தி நடக்கிறாள் என்றும் வந்தது. பெற்ற பெண்ணை அவர் ஓலையில்தான் வளர்த்தார். ஊருக்குப் போக உத்தரவு கேட்கும்போதெல்லாம், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பான் ராஜா. சபையைச் சிரிக்க வைக்கும் மனுஷர், தம் அறைக்குப் போனதும் அந்த ஓலைகளை மடியில் வைத்துக்கொண்டு ஏங்கிப்போய் உட்கார்ந்திருப்பார்.

சபையில் செண்டலங்காரர் என்று ஒரு வித்துவான் இருந்தார். மந்திரி வாயைத் திறந்தாலே இவருக்கு வயிறு எரியும். ஒருநாள் ராஜா நந்தவனத்தில் கொலுவிருந்தபோது அவன் மடியில் ஒரு பழுத்த இலை விழுந்தது. உடனே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இலைகளில் எது ரொம்பக் கனம்? ஏழு நாளில் கொண்டுவந்து காட்ட வேண்டும், ஜெயித்தவர் கேட்டது கிடைக்கும் என்றான்.

"மந்திரியார் தோற்றால்?" என்று கேட்டார் செண்டலங்காரர்.

"நீரே சொல்லும்."

"ஊருக்குப் போக வேண்டும் என்று இனி வாயே திறக்கக் கூடாது."

எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்து தொட்டார் மனுஷர். ராஜாவுக்குப் பரம சந்தோஷம், ஒத்துக்கொண்டுவிட்டான்.

ஏழாம் நாள் சபை பாதித் தோப்பாகிவிட்டது. ஒருவர் தென்னங்கீற்றைக் கொண்டுவர, அது இலையல்ல, ஓலை என்று நாலு பேர் சண்டைக்குப் போனார்கள். சேனாபதி கரும்புத் தோகையைக் கட்டாகவே தூக்கிவந்தார். தாழை மடலோடு வந்தவர் கையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். சமையல்காரர் முருங்கையை நீட்டினார். கீரைக்கு இடம் கொடுத்தால் நாளைக்குப் புல்லும் சபைக்கு வரும் என்று ராஜா விரட்டினான். கடைசியில் செண்டலங்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு சேவகர்கள் பொன்னால் செய்த அரசிலை ஒன்றை மூச்சு வாங்கச் சுமந்துவந்தார்கள்.

"இது எந்த மரத்தில் முளைத்தது?" என்று கேட்டான் ராஜா.

"மகாராஜாவின் கஜானாவில் முளைத்தது."

ராஜா ரசித்துச் சிரித்தான். "மந்திரி, உம்முடைய இலை எங்கே?"

"சாப்பாட்டு வேளை ஆகிவிட்டது, மகாராஜா. சாப்பிட்ட பிறகு காட்டுகிறேன்."

அந்த அரண்மனையில் பாட்டனார் காலத்துச் சட்டம் ஒன்று உண்டு. ராஜாவின் பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, ராஜாவும்கூட. அன்றைக்கு ராஜா அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். அவன் ஆறு மாதமாக எதிர்பார்த்திருந்த வெள்ளைக்குதிரை அன்று காலைதான் வந்து வாசலில் நின்றது. பந்தியில் எல்லாரும் முடித்தாயிற்று. மந்திரி மட்டும் ஒரு கைப்பிடி தயிர்ச்சோற்றை இலையில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பசியில்லையா என்று ராஜா கேட்டான். இருக்கிறது, சாப்பிடுகிறேன் என்றார். ஒரு நாழிகை போனது. வாசலில் குதிரை கனைத்தது. ராஜாவின் கழுத்து வாசலுக்கும் மந்திரியின் இலைக்குமாகத் திரும்பித் திரும்பி நோவெடுத்தது. எல்லார் கையிலும் சோறு காய்ந்தது, கால் மரத்துப்போனது. இரண்டாம் நாழிகையில், உடம்பு பெருத்த செண்டலங்காரரால் தாங்க முடியவில்லை.

"ஐயா, என் கால் செத்துப்போச்சு. சாப்பிட்டு முடிச்ச இலைக்கு முன்னால எவ்வளவு நேரம்யா உட்கார்றது? மடியில பாறாங்கல்லை வச்ச மாதிரி அமுக்குதே."

மந்திரி நிமிர்ந்தார். "கேட்டீர்களா, மகாராஜா? வித்துவானே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பொன்னிலையை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். இந்த எச்சில் இலையை விட்டு இத்தனை பேர் சேர்ந்தும் எழுந்திருக்க முடியவில்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். செண்டலங்காரர் தலை தொங்கிப்போனது. மந்திரி மட்டும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு வாசலில் குதிரை நிற்கிறது, இரண்டு நாழிகை. எனக்கு வாசலில் நிற்பது என் பெண். மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. "அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திரும்" என்றான். மந்திரி சாப்பிட்டார். அவர் இலையை எப்படி மடிக்கப்போகிறார் என்றே ராஜா பார்த்துக்கொண்டிருந்தான். தன் பக்கமாக மடித்தால் மறுபடி வருவேன் என்று அர்த்தம், எதிர்ப்பக்கமாக மடித்தால் உறவு முடிந்தது. மந்திரியின் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு தன் பக்கமாகவே மடித்தார். ராஜாவுக்கு மூச்சு வந்தது.

தான் இன்னும் ஏறிப்பார்க்காத குதிரையை மந்திரிக்கே கொடுத்து, தை பிறந்ததும் வந்தால் போதும் என்று அனுப்பினான். பொன்னிலையைத் திரும்பக் கஜானாவில் வைக்கும் வேலை செண்டலங்காரருக்கு. தனியாகத் தூக்க வேண்டும் என்று உத்தரவு.

மந்திரி நாலே நாளில் ஊர் வந்து சேர்ந்தார். குதிரையைக் கண்டு பயந்த பெண் ஓடிப்போய் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"யாரும்மா இவங்க?"

"உங்கப்பாடி, கண்ணு."

குழந்தை அவரை மேலும் கீழும் பார்த்தது. "எப்பப் போவாங்க?"

சபையில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவர் குதிரையைக் கட்டத் தூண் தேடினார். தை பிறக்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பொன்னுடையாளும் அந்தப் பதிலுக்காகத்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.