சடைச்சியோட முப்பத்திரண்டு முடிச்சு

ஒரு ஊர்ல ஒரு ஊஞ்சக்காரி இருந்தா, தேனு. ஊருன்னா நம்ம ஊர் மாதிரி நெனச்சுக்காத. ஒரு உளுந்து அளவு ஊரு. கறுப்பா இருக்கும், எட்டு காலு இருக்கும், சிப்புன்னு சொல்லுவாங்க. மாவு மில்லு ஆவுடையப்பன் மாமா மத்தியானம் சாப்டுட்டு, மில்ல நிறுத்திட்டு, மாவு மூட்டை மேல படுத்து ஹெட்போன மாட்டிக்கிட்டு நையாண்டி மேளம் கேப்பாரே, அந்தப் பாட்டுப் பெட்டிக்குள்ளதான் அந்த ஊரு இருந்துச்சு. ம் கொட்டு. கொட்டலைன்னா அத்தை எந்திரிச்சுப் போயிருவேன், எனக்குத் துணி காயப்போடற வேலை கெடக்கு.

ம்.

ஆங். ஊஞ்சக்காரி பேரு சடைச்சி. அந்த ஊருக்கு வர்ற சத்தமெல்லாம் ஒரே ஊஞ்சப் பலகையில ஏறி ஆடும். ஆடுற ஆட்டந்தான் மாமா காதுக்குப் போவுது. நாயனத்தோட கீச்சுச் சத்தமெல்லாம் பொடிசுங்க, பலகை மேலயே கிணுகிணுன்னு குதிக்கும். நடுவுல மாடக்கண்ணு உக்காந்திருப்பான், தவிலோட அடிச்சத்தம் அவன். அவன் தும்... தும்...னு மெதுவா ஆடுனாத்தான் பலகையே ஆடும். சடைச்சி கையில ஒரு கயிறு, அதுல முப்பத்திரண்டு முடிச்சு. மேல் முடிச்சப் பிடிச்சா ஊஞ்சல் ஒசரப் போவும், மாமாவுக்குச் சத்தம் கூடக் கேக்கும். கீழ் முடிச்சுன்னா கொறையக் கேக்கும். மாமா வெளிய பித்தான அமுக்குவாரு, இவ உள்ள முடிச்ச மாத்துவா. அவ்வளவுதான் உத்தியோகம்.

அப்புறம் என்னாச்சு, ஒரு நாள் மாமா சத்தத்தக் கூட்டுனாரு. சடைச்சி சொன்ன வேலைய ஒடனே செய்யிற ஆளு. ஊஞ்சல் உச்சியில நிக்கும்போது டக்குன்னு முடிச்ச மாத்திட்டா. மாடக்கண்ணு தூக்கிப் போட்ட மாதிரி குலுங்குனான். டொப்! மாமா காதுல வெடி. மனுசன் துள்ளி எந்திரிச்சதுல மூட்டை பிரிஞ்சு, மில்லு பூரா மாவு. மூணு தடவ பொறுப்பேன், நாலாவது தடவ இந்தச் சிப்பச் சூட்டுக் கம்பிய வச்சுப் பேத்துக் குப்பையில எறிஞ்சிருவேன்னு அவரு கத்துனது உள்ள வரைக்கும் கேட்டுச்சு. குப்பையில போனா சடைச்சி எங்க போவா? அவ பொறந்த ஊரு அது. மொட்டமாடியில வத்தல் வேற காயப்போட்டிருந்தா.

ம்.

மறுநாள் ரொம்ப யோசிச்சா. உச்சியில மாத்துனதுதான தப்பு, அந்தப் பக்கத்து உச்சிக்குப் போவட்டும்னு காத்திருந்து மாத்துனா. புத்திய பாரு அவளுக்கு. அதுவும் உச்சிதான. டொப்! மறுபடியும் மாவு. ரெண்டாச்சு.

மூணாம் நாள் மாமா பேஸ் பித்தான அமுக்குனாரு. பேஸுன்னா அடித்தொண்டைச் சத்தம், மாடக்கண்ணு சத்தம். மில்லுல நின்னு நின்னு அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், தவிலு நெஞ்சுல இடிக்கணும் அவருக்கு. அப்போ சடைச்சி மாடக்கண்ணுக்குக் களி உருண்டை குடுக்கணும். குடுத்தா. ஒண்ணு இல்ல, ஆறு. தின்னவன் பெருத்துட்டான். ஏற்கெனவே முப்பத்திரண்டாம் முடிச்சு, ஊஞ்சல் எக்கச்சக்கமாப் போயி, அவன் மண்டை கூரையில உரசுது. கர்ர்ர். கர்ர்ர். மேளமா கேட்டுச்சு? மில்லுதான் ஓடுதுன்னு நெனச்சு மாமா மிசின நிறுத்தப் போனாரு. அது ஏற்கெனவே நின்னுதான் இருந்துச்சு. மூணாச்சு.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்போ சடைச்சி அழுதுக்கிட்டே ஊஞ்சலுக்கு நடுவுல, தரையில போயி நின்னா. பொடிசுங்ககிட்ட வழி கேக்கலாம்னா அதுங்க வேகத்துக்கு ஒரு எழுத்துகூடக் காதுல விழாது. மாடக்கண்ணு ஒருத்தன்தான் மெதுவா வருவான். அவனும் அவளத் தாண்டுற நேரத்துக்கு ஒரு வார்த்தைதான் சொல்ல முடியும். எப்பண்ணே முடிச்ச மாத்தட்டும்னு கேட்டா.

"நான்..."ன்னான். தும்முன்னு அந்தப் பக்கம் போயிட்டான். திரும்ப வந்தான். "நடுவுல..." போயிட்டான். "இருக்கப்ப..." போயிட்டான். சடைச்சிக்குப் பொறுமை போவுது. அவன் ஏப்பம் விட்டதுல ஒரு சுத்து வேற வீணாப் போச்சு. அப்புறம் வந்து சொன்னான்: "மாத்து." நடுவுல பலகை சாயாம நேரா இருக்கும், அப்ப மாத்துனாக் குலுங்காதாம்.

களி எவ்வளவு போடணும்னும் கேட்டா. அதுக்குப் பதினோரு சுத்து ஆச்சு. மேல் முடிச்சுன்னா கொறச்சுப் போடு, கீழ் முடிச்சுன்னா கூடப் போடு, அவ்வளவுதான் விசயம்.

ம்...

நாலாம் நாள். மாமா பாதித் தூக்கத்துல பெட்டி மேல கைய வச்சாரு. கட்டைவிரலு சத்தத்தக் கொறைக்கிற பித்தான்ல போயி அப்படியே படிஞ்சிருச்சு. எடுக்கவே இல்ல. முப்பத்திரண்டு முடிச்சும் ஒண்ணொண்ணா எறக்கணும், ஒண்ணு தப்புனாலும் ஊரு குப்பையில. சடைச்சி கயித்தப் பிடிச்சா. ஊஞ்சல் உச்சியில இருந்துச்சு. பித்தான் அவசரப்படுத்துது. அவ மாத்தல. வந்துச்சு, வந்துச்சு, நடுவுக்கு வந்துச்சு, மாத்துனா. சத்தமே இல்ல. முப்பத்தொண்ணு. மறுபடி நடு. முப்பது. எறங்க எறங்க மாடக்கண்ணு வாயில ஒரு துண்டு களி. இருவது. நாயனம் தேய்ஞ்சு போச்சு, தவிலு மட்டும் மாமா நெஞ்சுல மெதுவா இடிக்குது. தும். பத்து. தும். நாலு. ரெண்டு. ஒண்ணு.

நின்னுருச்சு. மேளம் எப்ப நின்னுச்சுன்னு மாமாவுக்கே தெரியல, குறட்டை விட்டுட்டாரு. சடைச்சின்னு ஒருத்தி உள்ள இருக்கான்னும் அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவ மாடிக்குப் போயி வத்தலத் திருப்பிப் போட்டா. அவளுக்கு அம்புட்டு சந்தோசம்.

தேனு?

ம் வரல. என் கையி உன் தலைக்கு அடியில மரத்துப் போயிக் கெடக்கு. இரு, மூச்சு உள்ள போவுது... இப்ப வேணாம். வெளிய வருது... இப்பயும் வேணாம். நடுவுல...

எடுத்துட்டேன். முழிக்கல.

கதை படியெறங்கிருச்சு, தங்கம். நீ தூங்கு, அத்தை துணிய காயப்போட்டுட்டு வாரேன்.