தலைவர் வெட்டச் சொன்ன காட்சிகள்

எங்கள் பேரூராட்சி ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் இசக்கியம்மாள், கைபேசியிலேயே பத்து நிமிடக் கேலிப் படம் ஒன்று எடுத்தாள். சமுதாயக் கூடத்தில் அதைத் திரையிட இருந்த மாலை, ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. தலைவர் வைரவசாமி பரிவாரத்தோடு மேடையேறினார்.

"என்னட்டி, என்னைக் கேலி பண்ணிப் படம் எடுத்திருக்கியாமே? என்னைப் பத்தி வர்றதை எல்லாம் வெட்டு. இல்லேன்னா கூடத்தைப் பூட்டிருவேன்."

"வெட்டிருதேன் அய்யா. எதெதுன்னு நீங்களே சொல்லிட்டா, ஒண்ணுகூட விட்டுப்போகாதுல்லா?" என்று மைக்கை நீட்டினாள்.

மைக்கைக் கண்டால் தலைவருக்குக் கை தானாக நீளும். வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"லாரித் தண்ணிய உள்ள ஊத்தித் தெருக்குழாய்க்குத் திறப்பு விழா நடத்தினது. அந்தக் குழாய்க்கு வரவேண்டிய தண்ணிய மச்சான் மில்லுக்குத் திருப்பினது. பராமரிப்புன்னு நூலகத்தைப் பூட்டி என் நெல்லு மூட்டைய அடுக்கினது. மூணையும் தூக்கு!"

இசக்கியம்மாள் பணிவாகச் சொன்னாள்:

"அய்யா, படத்துல லாரி மட்டுந்தான் இருக்கு. மத்த ரெண்டும் எங்களுக்குத் தெரியவே தெரியாதே!"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. தலைவர் மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போனார். படம் முழுசாக ஓடியது.

மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. நூலகமும் திறந்தது. இப்போது அந்தப் படம் ஒரு நன்றி அட்டையோடுதான் தொடங்குகிறது: 'கதையை முழுசாகச் சொல்லித் தந்த தலைவர் அவர்களுக்கு.'

அதில் மட்டும் கேலியே இல்லை. குழாயடியில் குடம் நிறையும்போது நாங்களும் அந்த நன்றியைத்தான் சொல்லிக்கொள்கிறோம்.