பக்கிரிசாமி புளூஸ் கற்ற ஆடி மாதம்

"இருபத்தாறு வருஷமா ரிதம் கிடார் வாசிக்கிறேன் மிஸ். நான் வாசிக்கிறது யாருக்குமே கேக்கல."

"வாசிங்க" என்றார் டோரின்.

பக்கிரிசாமி வாசித்தார். டோரின் மறுநாள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சட்டை முடிந்தது. பேன்ட்டும் முடிந்தது.

"எனக்கும் கேக்கல அங்கிள்."

வந்தவருக்கு வயது ஐம்பத்தொன்று. மிஸ்ஸுக்கு முப்பத்து மூன்று. டோரின் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸ் வீட்டில் கிடார் சொல்லிக்கொடுப்பார், அதிலும் புளூஸ் மட்டும். புளூஸ் என்றால் மூன்றே கார்டில், கம்பிகளைச் சேர்த்து அழுத்தி அடிக்கும் மூன்றே பிடியில், ஒரு வாழ்க்கையை அழுது தீர்க்கிற அமெரிக்கப் பாட்டு என்ற அளவுக்குத்தான் பக்கிரிசாமிக்குத் தெரியும். அந்தக் கார்டுகளைப் போட்டால் ரிதம் கனமாகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கனம் அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. அவர் வாசிக்கும் இன்னிசைக் குழுவின் தலைவர் ஜெயசீலன் புதுக் கீபோர்டு வாங்கியிருந்தார். ஒரு பட்டனை அழுத்தினால் கிடார் சத்தம் தானாக வருகிறது. அதற்குச் சாப்பாடு வேண்டாம், வேனில் இடம் வேண்டாம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வந்து வாசி, அதற்கப்புறம் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறேன் என்று ஜெயசீலன் சொல்லிவிட்டார். குழு கல்யாண வரவேற்புகளுக்கு மட்டுமே போகும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆக, பக்கிரிசாமிக்கு ஒரு மாதம் இருந்தது. கிடாரைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

"எத்தனை கார்டு கத்துக்கணுமோ கத்துக்கறேன் மிஸ். வெரல் போனாலும் பரவாயில்ல."

டோரின் அவர் கையைப் பார்த்தார். நான்கு விரலும் கம்பிகளை அழுத்திக்கொண்டிருந்தன. சுண்டுவிரலை மட்டும் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"இப்போ அடிங்க."

அடித்தார். அது செவன்த் கார்டு. அவர் பழைய பாட்டுகளில் எப்போதாவது போட்டதுதான்.

"இது நிக்க மாட்டேங்குதே மிஸ். அடுத்தது எதுவோ வரணும்னு கேக்குது."

"ஒண்ணும் வராது. அங்கேயே இருங்க."

முதல் ஞாயிறு முழுக்க அந்த ஒரே கார்டில் இருந்தார். அடுத்ததற்குப் போகத் துடித்த கையை அடக்கி வைப்பதற்குள் முதுகு நனைந்துவிட்டது.

இரண்டாவது ஞாயிறு நைன்த் கார்டு. மோதிரவிரலை மட்டையாகப் படுக்கவைத்து மூன்று கம்பிகளை ஒன்றாக அமுக்க வேண்டும். விரல் நுனி பின்பக்கமாக வளைந்து கொடுக்க வேண்டும். இருபது வயதில் வளைந்திருக்கும். பக்கிரிசாமியின் விரல் மாட்டேன் என்றது.

அவர் விடவில்லை. பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் விரலை அழுத்தி அழுத்திப் பழக்கினார். வீட்டில் டீவி ரிமோட்டில் அழுத்தினார், சேனல் மாறிக்கொண்டே இருந்தது. மனைவி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு அரிவாள்மணைப் பலகையைக் காட்டினார். ஆறாம் நாள் காலை விரல் வளைந்தது. மூன்று கம்பியும் தெளிவாகப் பேசின. பக்கிரிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு புளூஸின் முழுச் சுற்றும் வாசித்துக் காட்டினார். மூன்று கார்டுகளும் முறைப்படி மாறி மாறி வந்து வீடு சேர்ந்தன. டோரின் சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்தார்.

புதன்கிழமை குழுவுக்கு ஒத்திகை. கச்சேரியானாலும் ஒத்திகையானாலும் முதலில் பிள்ளையார் பாட்டு. பாடகி லூர்துமேரி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், பிள்ளையாரையும் அதே பக்தியோடுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கும் கூப்பிட்டார். பக்கிரிசாமி ஒவ்வொரு அடிக்கும் ஒரு நைன்த் போட்டார். மூன்று வாரத்து வலி அத்தனையையும் பிள்ளையார் தலையில் இறக்கினார். இரண்டாவது வரியில் லூர்துவின் சுருதி நழுவியது. மூன்றாவது வரியில் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தபலாக்காரர் சிரித்துவிட்டார்.

பிள்ளையாரைச் சாராயக்கடைக்குக் கூட்டிட்டுப் போறியா என்று கேட்டார் ஜெயசீலன். பிறகு குரலைத் தாழ்த்தி, முன்னாடி உன்னால உபயோகம் இல்ல, இப்ப உபத்திரவம் என்றார். முதலில் சொன்னதைவிட இது வலித்தது.

பக்கிரிசாமி ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. மறுநாள் வேலை முடியும் நேரம் பணிமனை வாசலில் நின்றார். சங்கு ஊதியதும் கூட்டத்தோடு டோரின் வெளியே வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது குரல் உயர்ந்தது. "உங்க கார்டு என் மானத்தை வாங்கிடுச்சு மிஸ்" என்று முடித்தார்.

"அந்தப் பாட்டைப் பாடுங்க" என்றார் டோரின்.

"இங்கயா?"

டோரின் கையிலிருந்த கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தார். பக்கிரிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஒரு வரி வந்தது. அடுத்த வரியும் வந்தது. மூன்றாவது வரி வரவில்லை.

இருபத்தாறு வருடங்களாக எல்லாக் கச்சேரிக்கும் வாசித்த முதல் பாட்டு. அவருக்குத் தெரிந்தது கார்டு மாறும் இடங்கள் மட்டும்.

"படிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு டோரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

படித்தார். மூன்று நாள் வீட்டில் பாடிப் பாடி மனைவியைப் பக்கத்து வீட்டுக்குத் துரத்தினார்.

நான்காவது ஞாயிறு டோரின் தன் கிடாரை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க பாடுங்க அங்கிள்."

பக்கிரிசாமி பாடினார். டோரின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு நைன்த் போட்டார். அச்சு அசல் பக்கிரிசாமிதான். நான்காவது வரியில் பாடுகிறவருக்கு நெஞ்சு அடைத்தது.

"முடியல மிஸ். மூச்சு முட்டுது."

"திரும்பப் பாடுங்க."

இந்த முறை வரி ஓடும்போது டோரினின் இடது கை கம்பிகளைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. டிக் டிக் என்று அடி மட்டும் கேட்டது. வரி முடிந்தது, பக்கிரிசாமி மூச்சை இழுத்தார். அந்த இடத்தில் ஒரே ஒரு கார்டு வந்தது. அதே நைன்த். அடுத்த வரி தானாக வாய்க்கு வந்தது.

பாட்டு முழுக்க அப்படியே போயிற்று. கடைசி வரியை அவர் பாடியபோது வியர்வை இல்லை, இரைப்பு இல்லை.

"என்ன பண்ணீங்க மிஸ்?"

டோரின் கிடாரை ஆணியில் மாட்டிவிட்டு, உலையில் அரிசி போடப் போனார்.

பக்கிரிசாமி எழுந்து வீட்டுக்கு ஓடினார். ஓடினார் என்றால் நிஜமாகவே ஓடினார், பஸ்ஸைக்கூட மறந்துவிட்டார்.

குழுவின் பட்டியலில் இருபத்திரண்டு பாட்டுகள். முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள். இருபத்திரண்டையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாடிப் படித்தார். நோட்டில் கார்டுகளுக்குப் பதிலாகப் பாட்டு வரிகளை எழுதி, இடையிடையே பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டார். அது என்ன கோடு என்று மனைவி கேட்டார். அவர் அடுத்த பாட்டைப் பாடினார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று துறையூரில் மாலை வரவேற்பு. மண்டபம் நிறையக் கூட்டம். பிள்ளையார் பாட்டு ஆரம்பித்ததும் தபலாக்காரர் சிரிக்கத் தயாராக இருந்தார்.

சிரிப்பதற்கு எதுவும் நடக்கவில்லை. கச்சேரி இரண்டரை மணி நேரம் ஓடியது. பக்கிரிசாமி நோட்டைப் பார்க்கவில்லை, கீபோர்டுக்காரரின் கையைப் பார்க்கவில்லை. லூர்துவின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாகப் பத்துப் பாட்டுக்கு ஒரு முறை தொண்டை கட்டிக்கொள்ளும் லூர்து, அன்றைக்கு இருபத்திரண்டையும் பாடிவிட்டு, மாப்பிள்ளையின் அத்தை கேட்டார் என்று இன்னொன்றும் பாடினார்.

ஒயர்களைச் சுருட்டும் நேரத்தில் ஜெயசீலன் வந்தார். நல்ல மனிதர், மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாது.

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் பக்கிரி. பாதி நேரம் உன் கை சும்மா கம்பியைத் தடவிக்கிட்டு இருந்துச்சு. நடு நடுவுல எங்கேயோ ஒண்ணு வைக்கிற. இதுக்கு ஒரு ஆள் வேணுமா? சொல்லு."

பக்கிரிசாமி கிடாரை உறைக்குள் வைத்தார்.

பக்கத்தில் லூர்து ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். மூடியைக் கீழே வைத்தார்.

"சீலண்ணே, அவரு வரலேன்னா நான் எங்க மூச்சு விடுறது?"