அமைதிக் காலத்தில் வந்த அழைப்பு

வாதாடத் தயாரானவர்கள் மட்டும் கேளுங்கள். தலையாட்டுகிறவர்களுக்கு இந்தக் கதை வேண்டாம்.

ஒரு தீவு நாட்டில் ஜனாதிபதித் தேர்தல். வாக்களிப்புக்கு முந்தைய நாட்களை அங்கே அமைதிக் காலம் என்பார்கள். அப்போது எந்த வேட்பாளரின் குரலும் வானொலியில் வரக்கூடாது. அது தொடங்கச் சற்று முன், வேட்பாளர் அருந்தவராணி கார் விபத்தில் இறந்துவிட்டதாக ஒரு வானொலி அறிவித்தது. யாரும் விசாரித்துப் பார்க்கவில்லை. சோக இசை போட்டார்கள். எதிர் வேட்பாளர் விம்மி விம்மிச் சொன்ன இரங்கல் உரையை முழுதாக ஒலிபரப்பினார்கள். பிறகு, சட்டப்படி, வாயை மூடிக்கொண்டார்கள்.

அமைதிக் காலத்தின் முதல் நாள் மத்தியானம் அந்த வானொலி நிலையத்துத் தொலைபேசி அடித்தது. அறிவிப்பாளர் றெஜினா எடுத்தாள்.

"பிள்ளை, நான் அருந்தவராணி. நான் சாகேல்லை. என்ர வீட்டு வாசலிலதான் நிக்கிறன். செத்த வீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருக்கினம். என்ர தம்பி என்னைக் கண்டிட்டுக் கதவைப் பூட்டிப்போட்டான். உள்ளுக்குத் தேவாரம் படிக்கிற சத்தம் கேக்குது."

றெஜினா செய்தி ஆசிரியர் தேவசகாயத்திடம் ஓடினாள்.

"சேர், அவவின்ர குரலை இப்பவே போடுவம்."

"உமக்கென்ன விசரே? அமைதிக் காலம். சட்டத்தை மீறி ஒருத்தரின்ர குரலைப் போட்டால் மற்றவருக்கும் நேரம் குடுக்கவேணும். நாங்கள் நடுநிலை. பேசாமல் இருப்பம்."

"அவவை நாங்கள் செய்தியில கொல்லேக்க அந்த நடுநிலை எங்கை போனது, சேர்?"

ஒலிப்பதிவாளர் கஜமுகன் குறுக்கிட்டான். "குரல் வேண்டாம். நாங்கள் சொன்னது பிழை எண்டு நாங்களே வாசிப்பம்."

அதற்குள் மறுபடி அழைப்பு. இம்முறை குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"சனம் கூடிட்டுது, பிள்ளை. எனக்கு முன்னாலேயே நிண்டு அழுகினம். ஒருத்தரும் என்னோட கதைக்கினமில்லை. நான் உயிரோட இருக்கிறன் எண்டு ரேடியோவில கெதியாச் சொல்லுங்கோ. எனக்கே சந்தேகமாக் கிடக்கு."

மௌனம் காக்கச் சொல்கிறார் ஆசிரியர். குரலைப் போடச் சொல்கிறாள் றெஜினா. திருத்தம் வாசிக்கச் சொல்கிறான் கஜமுகன். இவர்களில் யார் சொல்வது சரி?

விடை: கஜமுகன். குரலைப் போட்டால் அது பிரசாரமாகிவிடும். எதிராளியும் வந்து கேட்பார், கொடுத்துத்தான் ஆகவேண்டும். சொந்தப் பிழையைத் திருத்துவதோ யாருக்கும் காட்டுகிற சலுகை அல்ல. அதற்கு ஈடாக எவருக்கும் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. ஒருவரைச் சாகடித்துவிட்டு இருவருக்கும் சமமாக மௌனம் காப்பதை நடுநிலை என்று தேவசகாயம் சொல்லலாம், நான் சொல்லமாட்டேன். திருத்தம் வாசிக்கப்பட்டது, ஒரே ஒரு தடவை, இசை இல்லாமல். வாக்களிப்பு நாளில் அருந்தவராணி வாக்களிக்க வந்தபோது, சவ ஊர்வலத்துக்கு ஒதுங்குவதுபோல வரிசை ஒதுங்கி வழிவிட்டது. ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.